சரக்கைப் புகழாத கடைத்தெரு

தசரதன் பாத்திரக்கடை வைத்திருந்த தெருவில், வாங்க வந்த எவனும் சரக்கைப் புகழமாட்டான். புகழ்ந்தால் விலை ஏறிவிடும் என்பது ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் பால் மறக்காத பிள்ளைக்கும் தெரியும். வெங்காயமே வாங்கினாலும் முகத்தைச் சுளித்து, மொளை விட்டுக்கினு கீதே என்றுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். பிறகு கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, வேண்டாம் என்று திரும்பி நடக்க வேண்டும். விற்கிறவன் கூப்பிடுவான். கூப்பிட்டதும் உடனே திரும்பக் கூடாது. இதெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. அந்தத் தெருக்காற்றிலேயே இருந்தது.

தசரதன் இதில் கரைகண்டவர். பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் எப்படி என்று பெரியவர்கள் கேட்டதற்கு, பழக்கதோஷத்தில் "ஏதோ, பரவால்ல" என்று சொல்லிவிட்டு வந்தவர். அது உள்ளே இருந்த அம்சவல்லியின் காதில் விழுந்துவிட்டது. கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்து, அவருக்குத் தலை நரைத்த பிறகும் குழம்பில் உப்புக் குறைகிறது என்று அவர் வாயைத் திறந்தால், "ஏதோ, பரவால்லன்னு துன்னுங்க" என்பாள்.

தொண்ணூற்று ஒன்றாம் வருஷத்து ஆடிக் காற்றில் தசரதனின் கண்கள் ஒழுக ஆரம்பித்தன. பெங்களூர் ரோட்டில் லாரிகள் கிளப்புகிற புழுதி, புதிதாக எழும்புகிற கம்பெனிக் கட்டடங்களின் சிமெண்டுத் தூசி, பக்கத்துக் கடை கிளியம்மாளின் மிளகாய் நெடி, எல்லாம் சேர்ந்துகொண்டன. பேரத்தில் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள வேண்டிய நேரம் பார்த்துக் கண்ணீர் தாரைதாரையாக இறங்கியது. அண்டா கேட்டு வந்த ஒரு சம்சாரி, தான் சொன்ன விலைக்குக் கடைக்காரர் அழுதுவிட்டார் என்று பதறி, தானாகவே ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அதுவரை லாபம்தான். அடுத்து வந்தவன், கடை முழுகப்போகிறது, அதனால்தான் அழுகிறார் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிவிட்டான்.

அதே வீட்டில் இன்னொரு ஜோடிக் கண்ணும் எரிந்துகொண்டிருந்தது. அது தங்கை ஜோதியுடையது. புருஷன் வீட்டில் பட்டது போதும் என்று பெட்டியோடு திரும்பி வந்தவள் அவள். அண்ணன் வீட்டுச் சோற்றைத் தலைகுனிந்து சாப்பிடமாட்டேன் என்று, தண்டலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊசிமருந்துக் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். செக்கிங் லைனில் வேலை. சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளைப் பளிச்சென்ற விளக்கில் பிடித்து, கறுப்புப் பலகைக்கு நேரே ஒருதரம், வெள்ளைப் பலகைக்கு நேரே ஒருதரம் சுழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே பஞ்சு இழையோ கண்ணாடித் துகளோ மிதந்தால் எடுத்துத் தனியே போட வேண்டும். அந்த ஏ.சி. அறையில், வேலை மும்முரத்தில், ஜோதி இமைக்கவே மறந்துவிடுவாள். ஷிப்டு முடியும்போது கண்ணுக்குள் மணலை வாரிப் போட்டதுபோல் இருக்கும். காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டு திறக்காது. ஈரத்துணியை வைத்து ஊறவிட்டுத்தான் பிரிப்பாள்.

துகள் மிதந்த குப்பிகள் அவளைத் தாண்டிப் போக ஆரம்பித்தன. சூபர்வைசர் ரகுபதி கெட்டவரில்லை. ஆனாலும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இன்னொரு முறை தப்பவிட்டால் லைனிலிருந்து எடுத்துவிடுவேன், வேறு இடமும் காலியில்லை. யாரோ ஒருவர் ரத்தத்தில் போய்ச் சேருகிற மருந்து. அதில் தாட்சண்யம் பார்க்க முடியாது என்பது ஜோதிக்கும் தெரியும். வேலை போனால் தனக்கு மிச்சமிருப்பது அந்தப் பெட்டி மட்டும்தான் என்பதும் தெரியும்.

இந்த நிலைமையில்தான் மெட்ராஸிலிருந்து கண் டாக்டர் அமலா வந்தார். கோயில் குளத்துப் பக்கம் இருந்த சத்திரத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து, கண் எரிச்சல் உள்ளவர்கள் எல்லாம் வரலாம் என்றார். கடைத்தெருவே திரண்டு போனது, ஜோதியும் போனாள். டாக்டர் தசரதனின் கீழ் இமையில் ஒரு காகிதத் துண்டைச் சொருகி வைத்தார். பிறகு எடுத்துப் பார்த்து, உங்கள் கண் காய்ந்து போயிருக்கிறது என்றார்.

தசரதன் துண்டால் இரண்டு கன்னத்தையும் துடைத்துக்கொண்டார். "இன்னா டாக்டரம்மா, கண்ணுலேர்ந்து தண்ணி கொடகொடன்னு கொட்டிக்கினு கீது. நீங்க காஞ்சிபோச்சின்றீங்களே."

டாக்டர் சிரித்துவிட்டு விளக்கினார். காய்ந்த கண் எரிகிறபோது அவசரத்துக்குத் தண்ணீரை வரவழைக்கும். அது வெறும் தண்ணீர். கண்ணில் நிற்காமல் வழிந்துவிடும். கண்ணுக்கு வேண்டியது ஒட்டி நிற்கிற ஈரம். தசரதனுக்குப் பஞ்சாயத்துக் குழாய் உடைந்த நாள் ஞாபகம் வந்தது. தெருவெல்லாம் வெள்ளம், வீட்டுக் குடத்தில் சொட்டுக் கிடையாது. அப்படித்தான் என்றால் சரி என்று ஒப்புக்கொண்டார்.

டாக்டர் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே விரல் நீளத்துக்குச் சின்னக் களிம்புக் குழாய்கள். பெயர் இல்லை, நம்பர் மட்டும் ஒட்டியிருந்தது. படுக்கும்போது கீழ் இமையை இழுத்து, ஓர் அரிசி அளவு வைத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரம் பார்வை மங்கும், பயப்பட வேண்டாம். சில குழாயில் மருந்து இருக்கிறது, சிலவற்றில் மருந்தில்லாத வெறும் பசைதான். எது யாருக்குப் போகிறதென்று தனக்கே தெரியாது. அந்தக் கணக்கு களிம்பு செய்த கம்பெனிக்காரர்களிடம் பூட்டி இருக்கிறது. நீங்கள் ஒரு மாதம் போட்டுப் பார்த்து, எப்படி இருக்கிறதென்று சொன்னால், மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். இதுதான் சோதனை என்றார்.

தன் சரக்கு என்னவென்று தனக்கே தெரியாது என்று சொல்கிற வியாபாரியை தசரதன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. பார்த்தால் சாதுவாக இருக்கிறாள், பலே கைகாரி என்று முடிவு கட்டினார்.

குழாய் வாங்கி வந்த மூன்றாம் நாள் காலையில் ஜோதி எழுந்து, வழக்கம்போல் ஈரத்துணிக்குக் கையை நீட்டினாள். நீட்டிய பிறகுதான் கண் ஏற்கெனவே திறந்திருப்பதைக் கவனித்தாள். அப்படியே உட்கார்ந்து நாலைந்து முறை கொட்டிக்கொட்டிப் பார்த்தாள். இமை, எண்ணெய் போட்ட கதவுபோல் சத்தமில்லாமல் மூடித் திறந்தது. சமையலறைக்கு ஓடி அம்சவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரம் அவள் தட்டிலிருந்து ஒரு குப்பிகூடத் தப்பவில்லை.

தசரதனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது. ஆனால் எண்ணெய்க்கடை அப்பாவு எரிச்சல் விட்டதென்று உற்சாகமாக இருந்தார். கிளியம்மாள் மிளகாய் மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து தினத்தாளைக் கடைசிப் பக்கம் வரை படித்தாள். அவர்கள் மகிழ்ச்சியைப் பார்த்ததும் தசரதன் வியாபாரக் கணக்குப் போட்டார். இப்படிப் பல்லைக் காட்டினால் என்ன ஆகும்? நாளைக்கு இது மருந்துக்கடைக்கு வரும். ஸ்ரீபெரும்புதூர்க்காரர்கள் ஆகா ஓகோ என்றார்கள் என்று தங்கத்தின் விலை போட்டு விற்பார்கள்.

அவர் தெருவைக் கூட்டினார்.

"டாக்டரம்மா வந்து கேட்டா, நல்லா கீதுன்னு ஒருத்தரும் வாயத் தொறக்காதீங்க. ஏதோ, சுமார்னு சொல்லுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

தெரு ஒப்புக்கொண்டது. ஜோதியும் ஒப்புக்கொண்டாள், அவளும் அந்த வீட்டுப் பெண்தானே.

பாதி மாதத்தில் டாக்டர் மறுபடி வந்தார். ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். அப்பாவு, போட்டாலும் அதே போடாவிட்டாலும் அதே என்றார். கிளியம்மாள் குழாயை மோந்து பார்த்து, "மருந்துன்னா ஒரு வாசன வேணாமா?" என்று உதட்டைப் பிதுக்கினாள். ஜோதியின் முறை வந்தபோது தசரதன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவள் அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று முணுமுணுத்தாள்.

டாக்டரின் முகம் வாடியது. பலனில்லாத ஒன்றை வீணாகக் கண்ணில் போட்டுக் கஷ்டப்பட வேண்டாம், குழாயைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பரிவோடு சொன்னார்.

கடைத்தெருவுக்கு இது பழகின இடம். சரக்கைக் கீழே வைத்துவிட்டு நடக்கிற இடம். ஒவ்வொருவராகக் குழாயை மேஜைமேல் வைத்துவிட்டு, வேண்டாம் என்று எழுந்தார்கள். ஜோதியின் விரல்கள் மட்டும் குழாயை விடக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டன. வெளியே வந்தவர்கள் நடக்க வேண்டிய முறையில் நடந்தார்கள். அதாவது, நகராமல் நடந்தார்கள். அப்பாவு செருப்பு வாரைச் சரிசெய்தார். கிளியம்மாள் புளியமரத்தடியில் நின்று வெற்றிலைப் பையைப் பிரித்து, ஒரே வெற்றிலையைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். எல்லாருடைய முதுகும் சத்திரத்திலிருந்து கூப்பிடுவார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

டாக்டர் வெளியே வந்தார். எல்லாரும் நிமிர்ந்தார்கள். பூந்தமல்லி பஸ் இங்கே நிற்குமா என்று கேட்டார். நிற்கும் என்றார்கள். அது வந்து நின்றது. டாக்டர் பெட்டியோடு ஏறிப் போய்விட்டார்.

"கூப்டவே இல்லியே" என்றாள் கிளியம்மாள்.

அவ்வளவு லேசில் கூப்பிடுவார்களா, அடுத்த வாரம் பார் என்று தசரதன் தைரியம் சொன்னார். அடுத்த வாரம் யாரும் வரவில்லை.

ஈரத்துணி திரும்பி வந்தது. முற்றத்துக் கொடியில் அது காய்வதைப் பார்க்கிறபோதெல்லாம் தசரதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லைனில் பக்கத்து மேஜை கங்கா நல்ல சிநேகிதி. ஜோதி பார்த்து முடித்த தட்டை ரகுபதி வருவதற்குள் தானும் ஒருமுறை பார்த்துக்கொடுத்தாள். ஒருநாள் அதில் இழை மிதந்த குப்பி ஒன்று அகப்பட்டது. கங்கா பார்க்காமல் விட்டிருந்தால் அன்றே வேலை போயிருக்கும். அன்றைக்கு ஜோதி வீட்டுக்கு வந்து, சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள். கண் ரெண்டும் பழமாகச் சிவந்திருந்தன.

"அது நல்லா இருந்துச்சுண்ணா. நல்லா கீதுன்னு என்னைச் சொல்லவுடல நீ. அண்டா குண்டா வாங்கறாப்புல எங் கண்ணுக்குப் பேரம் பேசிட்ட."

தசரதன் விடிந்ததும் கடையைத் திறக்காமல் மெட்ராஸ் பஸ்ஸில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரைக் கண்டுபிடித்து, சும்மா இந்தப் பக்கமாக வந்தேன் என்றார். முதலில் அப்படித்தான் சொல்ல வந்தது. டாக்டர் உட்காரச் சொல்லி, ஜோதி எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். ஒருத்தருக்குமே பலனில்லை என்று கம்பெனிக்கு நாளைக்குச் சொல்லிவிடப் போவதாகவும், அத்தோடு மருந்தை மூட்டை கட்டிவிடுவார்கள் என்றும் சொன்னார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. பேரத்துக்கான வருத்தம் இல்லை என்பது தசரதனுக்கு நாற்காலியில் உட்கார்ந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. வியாபாரிக்கு அது தெரியாமல் போனால் எப்படி?

அவர் வாயைத் திறந்தார். இத்தனை வருஷமாக அந்த வாய்ப் பக்கம் வராத சொல் அது.

"நல்ல மருந்தும்மா" என்றார். "ரொம்ப நல்ல மருந்து. எந் தங்கச்சிக்கி மூணே நாள்ல கண்ணு தொறந்துச்சு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். புகழ்ந்தால் விலை ஏறும் என்பது, தெருவைக் கூட்டியது, மரத்தடியில் நின்றது, கூப்பிடுவார் என்று காத்திருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். நீங்கள் எல்லாரும் பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள் என்றல்லவா நினைத்தேன் என்றார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார்.

"இப்ப நீங்க போய்ச் சொன்னா, எல்லாரும் வந்து புகழ்வாங்க இல்லையா?"

ஒருத்தர் பாக்கியில்லாமல் புகழவைக்கிறேன் என்று தசரதன் நெஞ்சில் கைவைத்தார்.

"அதுவும் எனக்கு வேணாம்யா. வெறும் பசை போட்டவங்களும் புகழ்ந்தா, மருந்து எது பசை எதுன்னு எப்படித் தெரியும்? அவங்கவங்க கண்ணுல இருக்கறத எந்த மெஷின்ல வச்சும் என்னால பாக்க முடியாது. வாயாலதான் சொல்லணும். இருக்கறத மட்டும்."

டாக்டர் ஒரு நிபந்தனையோடு மறுபடி வர ஒப்புக்கொண்டார். அவரவர் குழாய் நம்பர்படி அவரவருக்கே திரும்பிவரும். முதலிலிருந்து ஒரு மாதம். கேட்கிற நாளில் ஒவ்வொருவராக உள்ளே வர வேண்டும், தசரதன் வாசலில் நிற்கக் கூடாது.

தெருவுக்கு இதைப் புரியவைப்பது லேசாக இல்லை. மட்டம் தட்டக் கூடாது என்றதும், அப்படியானால் தூக்கிப் பேசிவிடுவோம் என்றார்கள். தூக்கியும் பேசக் கூடாது என்றதும் அப்பாவு குழம்பிப்போனார். "விக்கிறவங்களாண்ட போயி உள்ளத அப்படியே சொல்றதா? இன்னா தசரதா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றார். அவங்க விக்கிறவங்க இல்ல அப்பாவு, நாமதான் அப்படி நெனச்சிக்கினோம் என்று தசரதன் சொன்னார். சொன்ன பிறகு அவருக்கே அது புதுச்செய்தியாக இருந்தது.

குழாய்கள் திரும்பி வந்தன. கொடியில் ஈரத்துணி மறைந்தது. தசரதன் தினமும் படுக்கும்போது ஒழுங்காகத் தன் அரிசி அளவை வைத்துக்கொண்டார். காலையில் ஒழுங்காக ஒழுகிக்கொண்டு எழுந்தார்.

கடைசி நாள் வந்தது. அப்பாவு உள்ளே போய், எரிச்சல் விட்டுவிட்டது, ஆனால் காலையில் பீளை கட்டுகிறது என்று இரண்டையும் சொல்லிவிட்டு, ஏதோ தானம் செய்தவர்போல் வெளியே வந்தார். கிளியம்மாளும் உள்ளதைச் சொன்னாள். ஜோதி உள்ளே போய் வெகுநேரம் பேசினாள். வெளியே வந்தபோது முகம் கழுவியதுபோல் இருந்தது. கடைசியாக தசரதன்.

நாற்காலியில் உட்கார்ந்ததும்தான் அவருக்குப் பயம் பிடித்தது. தன் கண்ணில் ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொன்னால்? தான் சொல்கிற ஒரு வார்த்தையில் மருந்தை மூட்டை கட்டிவிட்டால்? ஜோதி திரும்பவும் ஈரத்துணியைத் தேடுவாள், அடுத்து பெட்டியைத் தேடுவாள். நல்லா கீது என்று ஒரே ஒரு பொய். ஆஸ்பத்திரியில் ஒருதரம் புகழ்ந்து பழகிவிட்ட நாக்கு அதற்குத் தயாராகவே இருந்தது. வாழ்நாளெல்லாம் வாய் கூசாமல் சரக்கை மட்டம் தட்டிய மனிதர், மட்டமாகவே இருந்த ஒரு சரக்கை மட்டம் என்று சொல்ல முடியாமல் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்கய்யா" என்றார் டாக்டர்.

கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அதைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு மட்டும் ஒண்ணும் ஆவலம்மா. முன்ன மாரியேதான் கீது." உடனே கையைக் கூப்பினார். "எங் கண்ண வச்சி மருந்த தள்ளிடாதீங்க."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். மற்றவர்களுக்குச் சொன்ன அதே குரலில் நன்றி சொன்னார். அடுத்த மாதம் தகவல் வரும் என்றார்.

மழை பிடித்துப் புழுதி அடங்கிய ஒரு நாளில் டாக்டரே நேரில் வந்தார். பாத்திரக்கடைப் படியேறி, குடையை மடக்கினார். கம்பெனியில் பூட்டியிருந்ததைத் திறந்து பார்த்தாகிவிட்டதாம். நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்களில் அநேகம் பேருடையது மருந்து. ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னவர்களில் அநேகம் பேருடையது பசை. தசரதனுடையது சுத்தமான பசை.

"நீங்க அன்னிக்கி நல்லா இருக்குன்னு பொய் சொல்லியிருந்தீங்கன்னா, மருந்துக்கும் பசைக்கும் வித்தியாசம் கொஞ்சம் கொறஞ்சிருக்கும். உங்கள மாதிரி நாலு பேர் ஒண்ணும் ஆகலன்னு உள்ளதச் சொன்னதுலதான் மருந்து நின்னுது" என்றார் டாக்டர். கம்பெனி அதைத் தொடர்ந்து செய்யப்போகிறது. ஜோதிக்கு வேண்டிய குழாய்களை ஆஸ்பத்திரியே கொடுக்கும். தசரதனுக்கும் இப்போது அசல் மருந்தே கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி, ஒரு குழாயை எடுத்து வைத்தார்.

ஜோதிக்கு அன்று ஷிப்டு முடிந்திருந்தது. விஷயத்தைக் கேட்டுக்கொண்டே வந்தவள், டாக்டரின் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரகுபதி சார், ஆஸ்பத்திரிகளுக்கு நேரே போகிற குப்பிகளைப் பார்க்கிற மேஜைக்குத் தன்னை மாற்றியிருக்கிறார் என்றாள். அங்கே நம்பிக்கையான கண்ணுக்குத்தான் இடம். சொல்லும்போது நிதானமாக, ஆசையாக, ஒருமுறை இமைத்துக்கொண்டாள்.

தசரதன் உள்ளே போனார். உச்சிப் பரணில் துணி சுற்றி வைத்திருந்த கும்பகோணத்துப் பித்தளைக் கூஜாவை இறக்கினார். அதை அவர் யாருக்கும் விற்றதில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் ஓட்டை என்று சொல்லி வைத்திருந்தார். புளி போட்டு விளக்கி, டாக்டர் கையில் கொடுத்தார். நீங்க செஞ்சதுக்கு இது ஒண்ணுமேயில்ல, வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க என்று கேட்டுக்கொண்டார்.

கடைத்தெரு முழுக்க வாசலில் வந்து பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டர் அமலா கூஜாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். மூடியைத் தட்டிச் சத்தம் கேட்டார். முகத்தைச் சுளித்தார்.

"ஏதோ, பரவால்ல" என்றார்.

கிளியம்மாள் மிளகாய் மூட்டைமேல் சாய்ந்து சிரித்தாள். உள்ளறை வாசலில் நின்ற அம்சவல்லி, பல வருஷக் கணக்கு ஒன்று தீர்ந்த திருப்தியில் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் கூஜாவைக் கீழே வைக்கவில்லை. இடுப்பில் இடுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், பூந்தமல்லி பஸ்ஸை நோக்கி விறுவிறுவென்று நடந்தார்.

தசரதனின் கண்கள் மறுபடி வழிய ஆரம்பித்தன.

"அண்ணா, புதுக் கொழாய இப்பவே போட்டுக்கோ" என்றாள் ஜோதி பதறிப்போய்.

"இதுக்கு அது வேணாம்மா" என்றார் தசரதன். "இது நல்லா கீது."